ரத்தான பன்னிரண்டு சக்கர நாற்காலிகள்

ஆஸ்பத்திரி ஸ்டோரின் பின்சுவரோரம், போர்வை போர்த்திய நிலையில், பன்னிரண்டு சக்கர நாற்காலிகள் பிடிபட்டன. 'பிடிபட்டன' என்பது விசாரணைக் குழுவின் சொல். அவை எங்கும் ஓடவில்லை. ஆனால் கம்ப்யூட்டர் இருப்பில் அவை ஸ்டோரிலும் இல்லை, போகவேண்டிய ஏழாம் வார்டிலும் இல்லை. இருப்பிலேயே இல்லாத பொருளுக்குப் போர்வை எதற்கு? ஸ்டோர்காரம்மாவின் பணிநீக்க ஓலை தயார். மூன்று மணிக்குக் கையெழுத்து.

"தூசி படியக்கூடாதுன்னு போர்த்தினேன். வார்டுக்கு மாத்தப் பார்த்தேன், 'ரத்து'ன்னு வந்துச்சு. சரின்னு இங்கேயே வச்சுட்டேன்" என்றாள் அவள்.

"ரத்துன்னா பழைய இருப்பு அப்படியே இருக்கணுமே!" என்றார் மென்பொருள் தலைவர். "நம்ம புரோகிராம்ல எதுவும் முழுசா நடக்கும், இல்லேன்னா நடக்கவே நடக்காது."

இதை அவர் கூட்டத்தில் சொல்வார், லிஃப்டில் சொல்வார், பல் வைத்தியர் முன்னால் வாயைத் திறந்தபடியும் சொல்லியிருக்கிறார். ஊழியர்கள் அவருக்கு வைத்த பெயர் 'முழுசு'.

புரோகிராமைச் சோதிக்க வந்தவள் கண்ணாடித் தடிமனால் பெயர்பெற்ற சோடாபுட்டி. அவளும் முதலில் ஸ்டோர்காரம்மாவைத்தான் சந்தேகப்பட்டாள். ஒவ்வொரு போர்வையின் நான்கு மூலையும் அநியாய ஒழுங்காகச் செருகப்பட்டிருந்தன. புரோகிராமும் அதே ஒழுங்கில் இருந்தது. ஸ்டோரில் பன்னிரண்டைக் கழி, வார்டில் கூட்டு, இடையில் தவறினால் ரோல்பேக், அதாவது எல்லாவற்றையும் பழையபடி ஆக்கு. இவ்வளவு சுத்தம் அவளை உறுத்தியது.

கழித்தலுக்கும் கூட்டலுக்கும் நடுவே ஒரு வரி பதுங்கியிருந்தது. யார், எப்போது, எதைத் தொட்டார் என்று குறித்துவைக்கும் வேவுப் பதிவு. திருடனைப் பிடிக்க முழுசு வைத்தது. குடியே முழுகினாலும் பதிவு முழுகக்கூடாதென்று அதன் கடைசியில் ஒரு கமிட், 'இதுவரை நடந்தது நிலைக்கட்டும்' என்ற முத்திரை. முத்திரை பதிவின் மேல் மட்டுமா விழுந்தது? சற்று முன் நடந்த கழித்தலையும் சேர்த்தே நிலைக்கவைத்துவிட்டது. பிறகு வந்த ரோல்பேக்குக்குத் திருப்ப எதுவும் மிஞ்சவில்லை.

இரண்டே முக்காலுக்கு, ஸ்டோர் இருப்பில் பன்னிரண்டை மறுபடி ஏற்றி, குழுவின் முன் அதே மாற்றத்தை ஓட்டிக் காட்டினாள். பெயின்ட் அடிக்க மூடியிருந்த ஏழாம் வார்டு கூட்டலை மறுத்தது. 'ரத்து' என்றது திரை. ஸ்டோரில் பூஜ்யம். வார்டிலும் பூஜ்யம்.

"யாரோ என் புரோகிராம்ல கை வச்சிருக்காங்க!" முழுசு அறையிலிருந்தவர்களை ஒவ்வொருவராக முறைத்தார்.

"ஆமா சார். வச்சவங்க அந்த வரிக்கு மேலேயே பேரையும் போட்டிருக்காங்க." சோடாபுட்டி திரையை மேலே நகர்த்தினாள். "மூணு பட்டத்தோட."

ஓலை ரத்தானது. அன்று மாலை வாசலில் காவலாளி ஸ்டோர்காரம்மாவின் பையை வாங்கி, டிபன் டப்பாவைத் திறந்து கவிழ்த்துப் பார்த்தார்.

"ஏண்ணே, பன்னிரண்டு நாற்காலி இதுக்குள்ள அடங்குமா?"

"உங்க பையைச் சோதிக்கச் சொல்லி போன வாரமே உத்தரவும்மா."

"அதான் எல்லாம் ரத்தாயிடுச்சே!"

"வேலையை விட்டுத் தூக்குறதுதான் ரத்து. இது இன்னும் இருக்கு" என்றவர், மூடியையும் தட்டிப் பார்த்தார்.