பல்கீஸின் விரல் நின்ற இடம்

17-9-87, வியாழன்.

இட ஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் நடப்பதால் சின்னசேலத்தில் பஸ் ஓடவில்லை. ஆனாலும் மாலை அரபு வகுப்பு நடந்தது. குர்ஆனின் முல்க் அத்தியாயத்தில் உள்ள முப்பது வசனங்களையும் பார்க்காமல் ஓத வேண்டும். போன வாரம் தெருச் சத்தத்தில் கவனம் சிதறி மூன்று தப்பு விட்டேன். இன்றும் விட்டால் சின்னப் பிள்ளைகளோடு உட்கார வேண்டும்.

என்னோடு படிக்கும் பல்கீஸ் சரிபார்க்கக் குர்ஆனைத் திறந்தாள். “இன்னாடி மும்தாஜ், இன்னிக்கி எத்தினி தப்பு?”

தையல் கடையில் என்னுடன் வேலை செய்யும் இசைவாணி யோகா பழகுகிறவள். “சத்தத்த தொரத்தாதடி. அது பாட்டுக்கு வரட்டும், நீ அதும் பின்னாடி போவாத” என்று சொல்லித் தந்திருந்தாள். அப்படியே வசனத்தை மட்டும் பிடித்துக்கொண்டேன்.

பாதியில் ஊர்வலம் ஜன்னலோரம் வந்தது. கோஷம் எனக்கும் கேட்டது. முறை பலிக்கவில்லையோ என்று பயந்தேன். ஆனால் நாக்கு நிற்கவில்லை.

“இரு, இரு! எங்கடி ஓதிக்கினு இருக்க?” என்றாள் பல்கீஸ்.

“இருபத்து மூணு.”

ஊர்வலத்தை வேடிக்கை பார்த்ததில் அவள் விரல் பதினெட்டிலேயே நின்றிருந்தது.

அங்கிருந்து மறுபடி ஓதச் சொன்னாள். முடிவுவரை ஓதினேன். ஒரு தப்பும் இல்லை. நாளை இசைவாணியிடம் முதலில் இதைத்தான் சொல்வேன்.