பெல்ட் போடாத லாயம்

பெரியம்மா என்னை மறுபடியும் கடித்துவிட்டாள் என்ற செய்தி எனக்கு முன்னால் வீட்டுக்குப் போய்விட்டது. பெரியம்மா என்றால் அம்மாவின் அக்கா இல்லை, குதிரை. செம்பழுப்பு நிறம், நெற்றியில் கோணலாக ஒரு வெள்ளைக் கோடு. லாயத்துக்குள் யார் நுழைந்தாலும் கழுத்தை மட்டும் திருப்பி, அடுத்தவர் வீட்டு அலமாரியில் தூசி தேடுகிற பார்வை ஒன்று பார்ப்பாள். அதனால் அந்தப் பெயர்.

நான் குதிரை பழக்குகிறவன். அதிலும் உதைக்கிற, கடிக்கிற, ஆளைச் சுவரோடு சேர்த்து நசுக்கப் பார்க்கிற குதிரைகளை, அடிக்காமல் அதட்டாமல் பழக்குகிறவன். எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். சொல்ல மறந்தால் நானே ஞாபகப்படுத்துவேன். சவாரிப் பள்ளியில் என்னை மாஸ்டர் என்று கூப்பிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் புதிதாகச் சேர்ந்தவர்களை உட்காரவைத்து ஒரு பேச்சும் பேசுவேன். "குதிரை காரணமில்லாமல் எதையும் செய்யாது. அந்தக் காரணத்தைக் குதிரையிடம் தேடாதீர்கள், கண்ணாடியில் தேடுங்கள்." 'கண்ணாடியில்' என்ற இடத்தில் குரலை இறக்கி ஒரு சின்ன இடைவெளி விடுவேன். கை தட்டுகிறவர்களுக்கு வசதியாக இருக்கும்.

பெரியம்மா எங்களிடம் வந்த அன்றைக்கே ஒன்று நடந்தது. அவளை வண்டியிலிருந்து இறக்கிவிட்ட ஆள், சாப்பிட்ட வயிறு கனத்ததோ என்னவோ, இடுப்பு பெல்ட்டைக் கொஞ்சம் தளர்த்தினான். பக்கிள் 'டிங்' என்றது. அவ்வளவுதான். அவள் பின்பக்கச் சுவரில் போய் மோதிக்கொண்டு நடுங்கினாள். கிட்டே போய்ப் பார்த்தால் பின்புறத்தில் மெல்லிய தழும்புகள், ஒன்றின் மேல் ஒன்றாக. முன்பிருந்த இடத்தில் யாரோ பெல்ட்டால் அடித்திருக்கிறார்கள்.

அன்றே வாசல் தூணில் ஒரு நீளமான பலகை அடித்து, வரிசையாக ஆணிகள் அறைந்தேன். மேலே எழுதினேன்: 'பெல்ட்டைக் கழற்றி மாட்டிவிட்டு உள்ளே வரவும்.' லாடம் அடிக்கிறவர், கால்நடை டாக்டர், பிள்ளைகளைச் சவாரிக்குக் கூட்டிவரும் அப்பாக்கள் எல்லோரும் கழற்றி மாட்டினார்கள். அந்தப் பலகையைக் காட்டி நான் அடித்துக்கொண்ட தம்பட்டத்துக்கு அளவே இல்லை. கருணை என்றால் என்ன என்று கேட்டால் அந்த ஆணிகளைக் கை காட்டுவேன்.

ஒன்றை மட்டும் யோசிக்க மறந்துவிட்டேன். மற்றவர்களுக்கு இடுப்பு இருந்தது. எனக்கு அந்த இடத்தில் தொந்தி இருக்கிறது. பெல்ட் இல்லாமல் பேன்ட் அதன்மேல் நிற்காது. இடுப்பில் எலாஸ்டிக் வைத்துத் தைத்துக்கொள்ளுங்கள் என்றாள் மனைவி. கேட்கவில்லை. தோளில் மாட்டுகிற வார் போட்டுக்கொள்ளுங்கள் என்றாள். சர்க்கஸ் கோமாளி மாதிரி இருக்கும் என்று அதையும் மறுத்துவிட்டேன். கோமாளி ஆக வார் எதுவும் தேவையில்லை என்பது எனக்கு அப்போது தெரியாது.

பெரியம்மாவோடு பழகியதை நினைத்தால் இப்போதும் எனக்குக் கொஞ்சம் பெருமைதான். தோள் பக்கமாக மெதுவாகப் போவேன். அவள் காது பின்னால் சாய்ந்தால் நிற்பேன், நிமிர்ந்தால் கழுத்தடியில் சொறிந்துவிடுவேன். இப்படியே பிரஷ் போட விட்டாள், குளம்பைத் தூக்கித் தந்தாள், கடிவாளம் மாட்ட விட்டாள், முதுகில் சேணத்தை வைக்கவும் விட்டாள். வேலை முடிந்ததும் தாடையை என் தோளில் வைத்து, பாரம் முழுவதையும் என் மேல் இறக்கி, காதுக்குள் சூடாக மூச்சு விடுவாள். அந்தப் பாரம் எனக்குப் பழகிப்போய்விட்டது. ஒருநாள் அது கிடைக்காவிட்டால் தோள் வெறிச்சென்று இருக்கும்.

வயிற்று வார் ஒன்றுதான் பாக்கி. சேணம் நழுவாமல் இருக்க வயிற்றுக்கு அடியில் கொண்டுவந்து இறுக்குகிற பட்டை அது. அதை இறுக்கப் போகும்போதெல்லாம் தலையைத் திருப்பி வெடுக்கென்று கடிப்பாள். பல்லில் கோளாறோ என்று பார்த்தேன். வயிற்றில் புண்ணோ என்று டாக்டரைக் கூப்பிட்டேன், ஒன்றுமில்லை என்றார். வாரை மாற்றினேன். அதற்கு அடியில் பஞ்சு வைத்தேன். பக்கத்துக் கொட்டடிக் குதிரை முறைக்கிறதோ என்று அதை இடம் மாற்றினேன். வெயில் மேல்கூடச் சந்தேகப்பட்டேன். கண்ணாடியை மட்டும் பார்க்கவில்லை.

கடைசிக் கடி கையின் மேற்புறத்தில், சட்டையையும் சேர்த்து. அதைச் சவாரிப் பள்ளியின் முதலாளியம்மா பார்த்துவிட்டார்.

"மாஸ்டர், உங்களையே கடிக்குதுன்னா, பிள்ளைங்களை நான் எந்தத் தைரியத்துல ஏத்தறது? வர்ற சனிக்கிழமை வர்றேன். என் கண் முன்னாடி சேணம் கட்டி, ஒரு சுத்து நடத்திக் காட்டுங்க. அன்னைக்கும் கடிச்சா லாரிக்குச் சொல்லிடுவேன். தப்பா நினைக்காதீங்க."

வேண்டாத குதிரைகளை ஏற்றிக்கொண்டு போகிற லாரி அது. ஏறிப்போன குதிரை எதுவும் திரும்பி வந்ததில்லை. எங்கே போகிறது என்று நாங்கள் யாரும் கேட்பதில்லை, பதில் தெரியும் என்பதால். வேறு யாராவது சேணம் கட்டட்டுமே என்று சொல்லவும் வழியில்லை. என்னைத் தவிர யாரும் அவளைத் தொடக்கூடாது என்று உத்தரவு போட்ட மகான் நான்தான்.

அன்று சாயங்காலம் மனைவி என் கையில் மருந்து தடவினாள். அவள் நகரப் பேருந்து ஓட்டுகிறவள். அதிகம் பேசமாட்டாள், ஹாரனும் அதிகம் அடிக்கமாட்டாள்.

"நாளைக்கு எனக்கு லீவு. உங்க பெரியம்மாவை நான் ஒரு தடவை பார்க்கணும்."

"பார்த்து? எனக்குத் தெரியாதது உனக்குத் தெரிஞ்சிடுமா?"

"தெரியலைன்னா திரும்பி வந்துடறேன். அதுக்கு ஏன் இப்படிக் குதிக்கறீங்க?"

மறுநாள் கொட்டடிக் கதவுக்கு வெளியே கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். நான் வழக்கம்போல எல்லாவற்றையும் செய்தேன், வர்ணனையோடு. இப்போது மூச்சை மெதுவாக விடுகிறேன், இப்போது அவள் தோளில் கை வைக்கிறேன், இப்போது வாரைக் கையில் எடுக்கிறேன் என்று. வெடுக்! நான் துள்ளிப் பின்னால் வந்தேன்.

"பார்த்தியா? வாரைக் கண்டாலே ஆகலை இவளுக்கு."

"வாரை அவ பார்க்கவே இல்லைங்க," என்றாள் மனைவி. "நீங்க குனியறதுக்கு முன்னாடி பேன்ட்டை மேல இழுத்து விட்டீங்க. உடனே காதை மடக்கிட்டா."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. குதிரையின் மனநிலை பற்றி அவளுக்கு ஒரு குட்டிப் பிரசங்கம் நடத்தினேன். அவள் பொறுமையாக, சிக்னலில் நிற்கிற மாதிரி நின்று கேட்டாள்.

"ரோட்டோரமா நிக்கறவன் குறுக்க பாயறதுக்கு முன்னாடி தோளை ஒரு குலுக்கு குலுக்குவான். அதைப் பார்த்துத்தான் நான் பிரேக்ல கால் வைக்கிறேன். அவளும் அதைத்தான் செய்யறா. சந்தேகம்னா வாரைக் கீழ போட்டுட்டு வெறும் கையோட நின்னு பேன்ட்டை மட்டும் இழுங்க."

வாரைக் கீழே போட்டேன். வெறும் கையோடு நின்றேன். பேன்ட்டை இழுத்தேன்.

காது மடங்கியது, பல் வந்தது. மயிரிழையில் தப்பினேன்.

அசடு வழிய அங்கேயே வைக்கோல் கட்டின் மேல் உட்கார்ந்துவிட்டேன். யோசிக்க யோசிக்க எல்லாம் விளங்கியது. வாரை இறுக்கக் குனிய வேண்டும். குனிந்தால் பேன்ட் இறங்கும் என்று முன்ஜாக்கிரதையாக ஓர் இழுப்பு. இழுப்பு முடிந்ததும் அவள் வயிற்றில் வார் இறுகும். வாரை நான் எத்தனை பதமாகப் பழக்கியிருந்தாலும், என் பேன்ட்டை அவளுக்கு யாரும் பதமாகப் பழக்கவில்லை. அது போதாதென்று, அவள் பல்லைக் காட்டும்போதெல்லாம் நான் துள்ளிப் பின்வாங்கியிருக்கிறேன். கடித்தால் இந்த ஆள் போய்விடுவான் என்பது அவளுக்கு நல்ல பாடம். கற்றுக்கொடுத்த ஆசிரியர் நான். பெல்ட்டை ஒழித்தேன் என்று மார்தட்டிக்கொண்டு, பெல்ட் இல்லாத குறையைக் கொண்டுபோய் அவள் வயிற்றில் கட்டியிருக்கிறேன்.

மனைவி அன்றே என் பழைய பேன்ட் ஒன்றில் நாடா கோத்துத் தந்தாள். பார்க்கப் பைஜாமா மாதிரி இருந்தாலும் இடுப்பிலிருந்து அசையவில்லை. அதைப் போட்டுக்கொண்டு போனேன். இழுக்கவில்லை. ஒவ்வொரு துளையாக, அவள் மூச்சு விடும்போது மட்டும் வாரை இறுக்கினேன். அவள் தலையைக்கூடத் திருப்பவில்லை. அடுத்தடுத்த நாளும் அப்படியே. சனிக்கிழமையைப் பற்றிய பயம் போயே போய்விட்டது.

பயம் போனதும் பந்தா வந்துவிட்டது. சனிக்கிழமை முதலாளியம்மா தனியாக வரப்போவதில்லை, பெற்றோர்களையும் கூட்டிவருகிறார், படம் எடுப்பார்கள் என்று கேள்விப்பட்டேன். அத்தனை பேர் முன்னால் மாஸ்டர் நாடா தொங்க நிற்பதா? யாருக்கும் தெரியாமல் தையல்காரரிடம் போய், கறுப்புப் பேன்ட்டின் இடுப்பைப் பிடித்துத் தைத்து வாங்கிக்கொண்டேன். இறுக்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்று குதிரை விஷயத்தில் ஒருநாளும் நம்பாதவன் நான்.

சனிக்கிழமை காலை, வீட்டு வாசலில் மனைவி என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"நாடா எங்க?"

"இது இறங்காது. வயித்தை எக்கிக்கிட்டா கச்சிதமா நிக்குது பாரு."

"எவ்வளவு நேரம் எக்குவீங்க?"

பதில் சொல்ல மூச்சு வேண்டும். அதனால் சொல்லவில்லை.

முதலாளியம்மாவும் பெற்றோர்களும், அவர்களுக்குப் பின்னால் என் மனைவியும் வேலியோரம் நின்றார்கள். பெல்ட்டை ஆணியில் மாட்டிவிட்டு வந்த அப்பாக்கள் இடுப்பை ஒரு கையால் பிடித்துக்கொண்டிருந்தார்கள். நான் சேணத்தை வைத்தேன், வாரை அடியில் கொண்டுவந்தேன். பேன்ட் இறங்கவில்லை, கை அதன் பக்கம் போகவும் இல்லை. ஆனால் பெரியம்மாவின் உடம்பு விறைத்தது. தலை மேலே போனது. வெள்ளை விழி தெரிந்தது. வயிற்றை உப்பிக்கொண்டு மூச்சைப் பிடித்து நின்றாள்.

ஏன் என்று எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமைப் பேச்சில் இரண்டாம் பகுதியே அதுதானே? 'பக்கத்தில் நிற்கிற மனிதன் மூச்சைப் பிடித்தால், எங்கோ ஆபத்து என்று குதிரை முடிவு செய்துவிடும்.' நான் எக்கிப் பிடித்திருந்தேன், அவள் உப்பிப் பிடித்திருந்தாள். அவள் வயிற்றில் ஒரு வார், என் வயிற்றில் ஒரு பேன்ட் கொக்கி. கட்டு இறுகினால் எப்படி இருக்கும் என்று அன்றுதான் எனக்கு உடம்போடு உறைத்தது.

அவள் காது பின்னால் சாய ஆரம்பித்தது.

"மாஸ்டர், பின்னால வந்துடுங்க," என்றார் முதலாளியம்மா. கையில் போனை எடுத்துவிட்டார்.

பின்னால் வந்தால் லாரி. மூச்சை விட்டால் கொக்கி.

மூச்சை விட்டேன். நீளமாக, அடிவயிற்றிலிருந்து, எதையும் மிச்சம் வைக்காமல். கொக்கி தெறித்துப் போய்த் தண்ணீர் வாளியில் விழுந்தது. பேன்ட் மெதுவாக இறங்க ஆரம்பித்தது. அதைப் பிடிக்க என் கை தானாகப் பறந்தது. பாதி வழியில் அதை நிறுத்தினேன். எத்தனையோ வருஷமாகக் குதிரைகளை நிறுத்தியிருக்கிறேன். அந்தக் கையை நிறுத்தியதற்கு ஈடாக ஒன்றும் இல்லை. இரண்டு கையையும் வாரிலேயே வைத்துக்கொண்டேன். பேன்ட் முழங்காலைக் கடந்து ஷூவின் மேல் குவிந்தது. என் மானம் கப்பலேறி, கோடு போட்ட அரை டிராயராக எல்லோருக்கும் காட்சி தந்தது.

வேலியோரத்தில் ஒரு சத்தமும் இல்லை. அந்த அமைதியில் பெரியம்மா தானும் ஒரு நீளமான மூச்சை விட்டாள். வயிறு தளர்ந்தது. வார் அடுத்த துளைக்குப் போனது, அதற்கடுத்த துளைக்கும் போனது. அவள் உதட்டை நக்கிக்கொண்டு தலையைத் தாழ்த்தினாள்.

"கட்டியாச்சு மேடம்," என்றேன், முடிந்தவரை கம்பீரமாக.

"ஒரு சுத்து நடத்தணுமே மாஸ்டர்," என்றார் அவர். குரல் லேசாக நடுங்கியது. கோபமா சிரிப்பா என்று தெரியவில்லை.

பேன்ட் காலில் கிடக்கும்போது நடக்க முடியாது. அதை மேலே இழுத்தால் எல்லாம் பாழ். எனவே, ஒரு காலை எடுத்தேன், மறு காலையும் எடுத்தேன். பேன்ட்டை அங்கேயே விட்டுவிட்டு, அரை டிராயரோடு பெரியம்மாவின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு மைதானத்தைச் சுற்றினேன். அவள் என்னோடு அடிக்கு அடி நடந்தாள். பாதிச் சுற்றில் முதலில் சிரித்தது ஓர் அம்மா. பிறகு எல்லோரும். படமும் எடுத்தார்கள், நான் விரும்பியபடியே.

சுற்று முடிந்து வந்தபோது முதலாளியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். போனைப் பைக்குள் போட்டார்.

"இவ இங்கேயே இருக்கட்டும் மாஸ்டர். நீங்க மட்டும் தயவுசெஞ்சு நாடா கட்டிக்கிட்டு வாங்க."

பெரியம்மா தாடையைத் தூக்கி என் தோளில் வைத்தாள். முழுப் பாரத்தையும் இறக்கினாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. மறைக்கவில்லை. மறைக்க என்னிடம் வேறு என்ன மிச்சம் இருந்தது? அவள் பிடரியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதேன்.

வைக்கோலைத் தட்டிவிட்டு, என் பேன்ட்டைக் கையில் மடித்துப் போட்டபடி மனைவி வந்து நின்றாள். கைப்பையிலிருந்து ஒரு நாடாவையும் வெளியே எடுத்தாள். காலையிலேயே எடுத்து வைத்திருக்கிறாள்!

"அழுதது போதும், காலைத் தூக்குங்க," என்றாள். துணி சரசரத்ததும் பெரியம்மாவின் ஒரு காது பின்னால் சாய்வதைப் பார்த்து, முதல்முறையாகக் குதிரையிடம் நேராகப் பேசினாள்.

"பெரியம்மா, கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக்கங்க."