விளிம்பு வரை தேநீர்

உஸ்பெக் நகரமான ஆண்டிஜானில் கூடிய ஐந்து நாட்டு நீர் ஆணையத்துக்கு ஒத்துழைப்பு ஆணையம் என்று பெயர். ஒரே சோவியத் நாடாக இருந்தவர்கள் பிரிந்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை, அதற்குள் ஒத்துழைப்பு இந்த லட்சணத்தில் இருந்தது. ஐந்து பேரும் கையெழுத்துப் போட்டால்தான் எதுவும் நடக்கும். அதனால் எதுவும் நடப்பதில்லை.

தொக்தோபெக் கிர்கிஸ் பிரதிநிதி. அவருடைய ஓஷ் நகரத்துக்கு வரும் எரிவாயுக் குழாயை உஸ்பெக்குகள் மூடிவிட்டிருந்தார்கள். அவர் மகள் ஜிபெக் பிரசவத்துக்குப் படுத்திருந்த அறையில், உள்சுவரிலேயே பனி படிந்திருந்தது. குழாயைத் திறக்க வைக்காமல் ஊர் திரும்புவதில்லை என்று வந்திருந்தார்.

எதிரே உஸ்பெக் பிரதிநிதி மிர்சவாத். சோவியத் காலத்தில் தாஷ்கண்டில் தொக்தோபெக்குக்குப் பக்கத்து மேசைக்காரன், ஒருகாலத்தில் "அண்ணே, அண்ணே" என்று வாய் நிறையக் கூப்பிட்டவன்.

"கிர்கிஸ் பிரதிநிதி அவர்களே, பனிக்காலத்துல அணையைத் திறந்தீங்க. ஆறு உறைஞ்சு அடைச்சுக்கிட்டு எங்க ஊருக்குள்ள ஏறிடுச்சு. கோடையில பருத்திக்குக் கேட்டா மட்டும் கையை விரிப்பீங்க."

"குழாயை மூடினா கரண்டுக்கு நாங்க எங்க போறது? அணையைத் திறந்துதான் ஆகணும்."

"ஆறு என்ன உங்கப்பன் வீட்டு வாய்க்காலா?"

"எரிவாயு என்ன உங்கப்பன் பொதைச்சு வச்சதா?"

"தோழர்களே..." என்றார் தலைவரான கசாக்கியர், பழக்க தோஷத்தில். அங்கே யாரும் யாருக்கும் தோழர் இல்லை.

விருந்தளிக்கும் ஊர்க்காரன் என்ற முறையில் மிர்சவாத் தேநீர்க் கூஜாவை எடுத்தான். மதிப்புள்ள விருந்தாளிக்கு அரைக் கிண்ணம்தான் ஊற்றுவார்கள், அப்போதுதான் திரும்பத் திரும்ப ஊற்றி உபசரிக்கலாம். அவன் தொக்தோபெக்கின் கிண்ணத்தில் விளிம்பு தளும்ப ஊற்றினான். குடித்துவிட்டு நடையைக் கட்டு என்று அர்த்தம்.

தொக்தோபெக்குக்கு முகம் எரிந்தது. கொதிக்கக் கொதிக்கக் குடித்துவிட்டுக் கிண்ணத்தை நீட்டினார்.

"ஊத்து."

மறுபடி தளும்ப ஊற்றினான். மறுபடி நீட்டினார். நாக்கு வெந்துபோனது.

"வெக்கமா இல்ல?"

"இல்ல. குழாயைத் திற, போயிடறேன். ஜிபெக் பனிக்கட்டி மேலயா புள்ளை பெக்கணும்?"

மிர்சவாத் கூஜாவைக் கீழே வைத்தான். பிறகு ஒப்பந்தத் தாளை இழுத்துக் கையெழுத்துப் போட்டான், தொலைபேசியில் குழாயைத் திறக்கச் சொன்னான். மற்றவர்களும் மளமளவென்று போட்டார்கள். பிலாவ் சோறு ஆறுகிறதே என்பதுதான் அவர்கள் கவலை.

வாசலில் தொக்தோபெக் அவனை மடக்கினார். நன்றி சொல்லத்தான் நினைத்தார். அதற்குப் பதிலாக, "அம்மா நல்லா இருக்காங்களா தம்பி?" என்று கேட்டார். அவள் கையால் எத்தனையோ தடவை சாப்பிட்டவர்.

"ஆறு ஏறினப்ப ராத்திரி பூரா கூரை மேல உக்காந்திருந்தா. விடியறதுக்குள்ள விறைச்சுப் போயிட்டா."

அணையைத் திறக்கும் உத்தரவில் இருந்தது தொக்தோபெக்கின் கையெழுத்து.

"குளிர்ல சாகறது எப்படி இருக்கும்னு பாத்தவன், அதான் போட்டேன். உன் மூஞ்சிக்காக இல்ல," என்று சொல்லிவிட்டு மிர்சவாத் சாப்பாட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.