புகைக்காதவர் பிரிவு

செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றேகாலுக்கு அவள் அனுப்பிய கட்டுரை பற்றி ஆய்விதழிலிருந்து மின்னஞ்சல் வந்தது. மதிப்பீட்டாளர்கள் மூவர். இருவருக்குக் கட்டுரை பிடித்திருந்தது. மூன்றாமவர் தரவைத் தானே இறக்கிக் கணக்குப் போட்டுப் பார்த்திருந்தார்.

'ஆரோக்கியமான, புகைக்காதவர் பிரிவில் இருபதாம் மாதிரி புகைப்பவருடையதுபோல் தெரிகிறது. பங்கேற்பாளரிடம் மீண்டும் கேட்டு உறுதிசெய்யவும்.'

இருபதாம் மாதிரி அவளுடைய கணவன்.

அது அவளுக்குத் தெரிந்திருக்கக் கூடாது. மாதிரிகளுக்கு எண் மட்டுமே உண்டு. ஆனால் கடைசி ஆள் கிடைக்காமல் அவனைத்தான் கூட்டிவந்தாள். ஊசியைப் பார்த்ததும் மயங்கி விழுந்தான். அந்த எண்ணை ஆய்வகத்தில் யாரும் மறக்கவில்லை. படிவத்தில் 'புகைப்பழக்கம்: என்றுமே இல்லை' என்று எழுதினான். அவன் பல் மருத்துவன். நோயாளிகளை வாயைத் திறக்கச் சொல்லிவிட்டுச் சிகரெட்டைத் திட்டுவான். அவனுடைய பற்கள் எப்போதும் வெள்ளை.

இதய நோயாளிகளின் ரத்தத்தை ஆரோக்கியமானவர்களின் ரத்தத்தோடு ஒப்பிட்டு, மரபணுக்கள்மேல் ஒட்டியிருக்கும் மெத்தில் என்ற வேதிக் குறிகளை அவள் ஆராய்கிறாள். மரபணுவின் எழுத்து பிறவியிலேயே வருவது. அதன்மேல் ஒட்டும் இந்தக் குறிகளை வாழ்க்கை கூட்டும், குறைக்கும். புகைத்தால் குறிப்பிட்ட ஓரிடத்தில் குறையும். துறையில் சண்டையில்லாமல் எல்லோரும் ஒப்புக்கொண்ட முடிவு அது ஒன்றுதான்.

அந்த இடத்தை இப்போதுதான் திறந்து பார்த்தாள். புகைக்காதவர்களிடம் அதை முன்பே ஏன் தேடியிருக்கப்போகிறாள்? மூன்றாமவர் சொன்னது சரி.

கட்டுரை வெளிவந்தால் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் ஜூனில் ஒப்பந்தம் முடிகிறது. புள்ளியியல்காரரிடம் போனாள்.

"இருபதைத் தூக்கிட்டு ஒருதடவை கணக்கை ஓட்டிப் பாருங்க சார்."

ஓட்டினார். கண்ணாடியைக் கழற்றினார்.

"போச்சு டாக்டரம்மா. நோயாளிக்கும் ஆரோக்கியமானவங்களுக்கும் வித்தியாசமே வரல. நம்ம ஆரோக்கியக் கும்பல்லயே படு ஆரோக்கியம் இந்த ஆளுதான். மொத்தப் பேப்பரையும் ஒத்த ஆளா தூக்கிட்டு நிக்கிறாரு."

"எடுக்காம விட்டா?"

"அவர் வாயால 'பிடிக்கிறதில்ல'ன்னு சொல்லணும். 'கேட்டோம், மறுத்தார்'னு ஒரு வரி போட்டுடலாம். நாம என்ன போலீஸா?" கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "வீட்டுக்காரர்தானே? அப்ப கவலையே படாதீங்க. வீட்டுக்காரங்க இதுவரைக்கும் எதை ஒத்துக்கிட்டிருக்காங்க?"

இரண்டு நிறுத்தம் முன்பே பேருந்தைவிட்டு இறங்கினாள். சண்டையை ஒத்திகை பார்த்தபடி நடந்தாள். பற்றவைக்கும் கையை, கழுவும் வாயை, தன்னிடம் அதே வாயால் சொன்னதையெல்லாம் நினைத்தாள். வீட்டை நெருங்க நெருங்கக் கோபம் ஒதுங்கிக்கொண்டது. அவன் ஒழுங்காகப் பொய் சொல்லவேண்டுமே என்ற கவலைதான் மிஞ்சியது.

அவன் சமையலறையில் தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தான். மேசைமேல் மடிக்கணினியைத் திறந்து வைத்தாள்.

"ஒண்ணு கேக்கணும். என் புருஷனா இல்ல, ஆராய்ச்சியில கலந்துக்கிட்டவரா பதில் சொல்லுங்க."

"மறுபடி ரத்தமா? ஆளை விடு தாயே."

"ரத்தம் வேண்டாம். நீங்க சிகரெட் பிடிப்பீங்களா?"

தட்டை வைத்தான். கையைத் துடைத்தான். துடைத்த கையையே மறுபடி துடைத்தான்.

"உக்காரு."

அவன் குரலில் இருந்த கனிவு அவளைக் கலவரப்படுத்தியது.

"உக்கார்ற விஷயமே இல்ல. ஆமா, இல்ல. ஒரு வார்த்தை போதும்."

"ரொம்ப நாளா சொல்லணும்னுதான்மா... கிளினிக் மாடியில..."

"நிறுத்துங்க."

"மனசுலயே வெச்சுக்கிட்டு..."

"இன்னும் கொஞ்ச நாள் வெச்சுக்கங்க. ஃபார்ம்ல இல்லைன்னு போட்டிருக்கீங்க. அது மாறலையேன்னுதான் கேக்கறேன்."

அவளை உற்றுப் பார்த்தான்.

"உனக்குத் தெரிஞ்சுபோச்சா?"

"எனக்கு எதுவும் தெரியாது. தெரியக்கூடாது. அதான் விதி."

"கோவம் இல்லையா?"

"நிறைய இருக்கு. ஜூன் முடியட்டும்."

அவன் நாற்காலியை இழுத்துத் தானே உட்கார்ந்தான். திரையில் மூன்றாமவருக்கான பதில் பாதியில் நின்றது. 'பங்கேற்பாளரிடம் மீண்டும் கேட்டோம். அவர்'. அதற்குப் பிறகு எதுவும் இல்லை. இரண்டு முறை படித்தான். பிறகு, வாயைத் திறக்க மறுக்கும் நோயாளியிடம் பேசும் பொறுமையோடு கேட்டான்:

"சரி, நீயே சொல்லிடு. நான் பிடிக்கிறேனா, இல்லையா?"