மிக அருகில் உள்ள புள்ளி

கோபித்துக்கொண்டு போகிறவன் ஊரை விட்டே போவான். என் அக்கா புருஷன் மட்டும் வீட்டிலிருந்து பார்த்தால் தெரிகிற ஏரியைச் சுற்றிக்கொண்டிருந்தார், அதுவும் வாரக்கணக்கில். அக்கா அப்படித்தான் சொன்னாள். போலீஸ் அப்படித்தான் சொன்னது. அக்காவின் போனில் இருந்த நீலப் புள்ளியும் அப்படித்தான் சொன்னது.

நான் கல்லூரியில் கணக்குச் சொல்லித்தருகிறவள். பரீட்சைத் தாள்களைத் திருத்திக் கொடுத்த கையோடு பஸ் ஏறினேன். வழியெல்லாம் அத்தானை என்னென்ன கேட்க வேண்டும் என்று மனசுக்குள் சண்டை போட்டுக்கொண்டே வந்தேன். எனக்கு முன்கோபம் ஜாஸ்தி, வாயும் நீளம். ஊரில் எல்லாருக்கும் வேலை செய்து கொடுக்கிற எலக்ட்ரீஷியன், குடிதண்ணீர் ஆபீஸில் நிரந்தர வேலை, வெளியில் பரம சாது. கட்டினவளை மட்டும் இப்படி அலைய விடுவாரா? கையில் கிடைக்கட்டும், நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்காமல் விடுவதில்லை என்று இருந்தேன்.

அக்கா வாசலிலேயே நின்றிருந்தாள். பாதியாகியிருந்தாள். தோள்பட்டை எலும்பு ஜாக்கெட்டுக்கு மேல் துருத்திக்கொண்டிருந்தது.

"வந்துட்டியா கணக்கு? செருப்பைக் கழட்டாத. அப்படியே வா, நடக்கணும்."

"ஒரு வாய் தண்ணியாவது குடிக்க விடுக்கா."

"வந்து குடிச்சுக்கலாம். வெளிச்சம் போயிடும்."

ஏரி என்று சொல்கிறேனே தவிர, அது ஊருக்குக் குடிதண்ணீர் கொடுக்க வெட்டிக் கட்டிய நீர்த்தேக்கம். காம்பஸ் வைத்து வரைந்த மாதிரி வட்டம். கரையை ஒட்டி ஒரே ஒரு ரோடு, அதுவும் வட்டம். தண்ணீருக்கு நடுவில் அழுக்கு வெள்ளையில் ஓர் உருண்டைக் கட்டடம் நின்றது. நடுக்கூண்டு என்பார்கள். அதில் தண்ணீர் மட்டத்தை அளக்கிற கருவி இருக்கிறதாம், அதுவே அளந்து அதுவே ஆபீஸுக்குச் சொல்லிவிடுமாம். அதனால் அங்கே யாரும் போவதில்லை. கரையோரம் பம்புகள் ஓயாமல் இரைந்துகொண்டிருந்தன.

அக்கா போனைக் கையில் விரித்துப் பிடித்துக்கொண்டு நடந்தாள். குடும்பத்தில் யார் எங்கே இருக்கிறார்கள் என்று காட்டுகிற ஆப். அவளுக்குப் பச்சைப் புள்ளி, அத்தானுக்கு நீலம். நீலம் எங்களுக்கு எதிர்க்கரையில் இருந்தது. நாங்கள் அதை நோக்கி நடந்தோம். பாதி வழியில் சட்டென்று நாங்கள் கிளம்பிய இடத்துக்கே தாவிவிட்டது.

"பாத்தியா? பாத்தியா? கிட்ட வந்தா ஓடிடுறாரு," என்றாள். பிறகு போனைப் பார்த்து, "ஏங்க, என் தங்கச்சி வந்திருக்கா. அவ முன்னாடியாவது மானத்தை வாங்காதீங்க," என்றாள்.

அக்கா இதை வேடிக்கையாகச் சொல்லவில்லை. எதிரே வந்த ஓர் அம்மா எங்களைப் பார்த்ததும் ரோட்டின் அந்தப் பக்கம் ஒதுங்கிப் போனாள். ஏரியில் காத்து கருப்பு பிடித்த பொம்பளை என்று அக்காவுக்குப் பெயர் வைத்துவிட்டார்கள் என்பது அப்புறம் தெரிந்தது.

"போன் பண்ணிப் பாத்தியா?"

"தினம் பண்றேன். இதே ரோட்டுல நடந்துக்கிட்டே பண்றேன். ரிங் போகுதுடி. எடுக்க மாட்டேங்கிறாரு. இன்ஸ்பெக்டர் சிரிக்கிறான். போன் ஓடுது, ஆளும் அசையுறாரு, உயிரோடதான் இருக்காரு, புருஷன் பொண்டாட்டி சண்டைக்கெல்லாம் ஸ்டேஷனுக்கு வராதீங்கம்மாங்கிறான்."

"அப்படி என்னதான் சண்டை?"

"சமையக்கட்டு சுவிட்ச். தொட்டா ஷாக் அடிக்குது. ஊருக்கெல்லாம் வயர் இழுக்கிறீங்க, நான் கரிக்கட்டையா போனாத்தான் இங்க பாப்பீங்களான்னேன். பேச்சு வளந்துடுச்சு. போய்த் தொலைங்க, இனி இந்த மூஞ்சியில முழிக்காதீங்கன்னுட்டேன். காபியை அப்படியே வெச்சுட்டுப் போயிட்டாரு." அவள் நின்றுவிட்டாள். "அவர் திரும்பி வரலன்னாலும் பரவாயில்லடி. நான் தேடி வர்றேன்னு அவருக்குத் தெரியணும். அது ஒண்ணு தெரிஞ்சா போதும். கடைசியா நான் சொன்னது அதுவா இருக்கக் கூடாது."

மறுபடி நடக்க ஆரம்பித்தோம். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்.

"முதல்ல இப்படி இல்ல. நான் எந்தக் கரையில நின்னாலும் புள்ளி அங்கேயே வந்துடும். என் புள்ளி மேலேயே ஏறி நிக்கும். நான் நடந்தா கூடவே வரும். திரும்பிப் பாப்பேன், ரோடு வெறிச்சோடிக் கிடக்கும். ஒரு ஆள், ஒரு நாய் இருக்காது. ஆனா பக்கத்துல அவர் நிக்கிற மாதிரியே இருக்கும், சத்தியமா. நாலஞ்சு அடி தள்ளி மூச்சு விடுற மாதிரி. அப்புறம்தான் இப்படி அங்கயும் இங்கயும் தாவ ஆரம்பிச்சுது."

"உனக்குத் தூக்கம் இல்ல, சாப்பாடு இல்ல. அதான் என்னென்னவோ தோணுது," என்று அதட்டினேன். அதட்டினேனே தவிர, நானும் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டேன்.

மறுநாள் காலை அக்கா பாத்திரம் கழுவப் போகும்போது வளையலைக் கழற்றி மேசையில் வைத்தாள். அருகில் ஒரு தட்டு. அதைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது, ஏனென்றால் வகுப்பில் நான் பாடம் ஆரம்பிப்பதே ஒரு தட்டையும் வளையலையும் காட்டித்தான். தட்டு குவிந்த உருவம். அதற்குள் எந்த இரண்டு புள்ளிகளைக் கோடு போட்டுச் சேர்த்தாலும் கோடு தட்டை விட்டு வெளியே போகாது. தட்டுக்கு வெளியே எங்கே நின்றாலும் அதில் உனக்கு மிக அருகில் உள்ள இடம் ஒன்றே ஒன்றுதான். நீ இம்மி நகர்ந்தால் அதுவும் இம்மிக்கு மேல் நகராது. வளையல் அப்படி இல்லை, நடுவில் வெறும் இடம். அந்த வெறும் இடத்தின் நட்டநடுவில் நிற்கிறவனுக்கு வளையலின் எல்லாப் புள்ளிகளும் ஒரே தூரம். தலைமுடி அளவு அசைந்தால் போதும், மிக அருகில் உள்ள புள்ளி இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குத் தாவிவிடும்.

தாவிவிடும்.

சிரிப்பு நின்றுவிட்டது. இந்த மாதிரி ஆப்கள் ஆள் எப்போதும் ரோட்டில்தான் இருப்பான் என்று நம்புகின்றன. அவன் வேறெங்கே இருந்தாலும் ரோட்டில் அவனுக்கு மிக அருகில் உள்ள புள்ளியில் கொண்டுபோய் வைத்துக் காட்டிவிடும். இங்கே இருக்கிற ரோடோ வளையல். அத்தான் எதையும் சுற்றவில்லை. போன் அசையாமல் ஓர் இடத்தில் கிடக்கிறது, அது கணிக்கிற இடம் மட்டும் இம்மி இம்மியாகப் பிசகிக்கொண்டிருக்கிறது. எல்லாக் கரைக்கும் ஒரே தூரத்தில் இருக்கிற இடம் அந்த ஏரியில் ஒன்றுதான், நடுக்கூண்டு.

வருஷா வருஷம் கரும்பலகையில் எழுதுகிற விஷயம். முந்தின நாள் மாலை முழுக்கக் கண்ணெதிரே தாவிக் காட்டியும் எனக்கு உறைக்கவில்லை. என்ன படிப்பு படித்தேனோ!

அக்காவிடம் கடைக்குப் போய் வருகிறேன் என்று சொல்லிவிட்டு ஓடினேன். ஸ்டேஷனில் நான் போட்ட சத்தத்தில் இன்ஸ்பெக்டர் ஒரு கான்ஸ்டபிளை என்னோடு அனுப்பினார். குடிதண்ணீர் ஆபீஸின் படகுக்காரர், நடுக்கூண்டுக்குப் போகணும் என்றதும் முகம் வெளுத்துப் போனார்.

"மனசு சரியில்லன்னா அவர் அங்க போய் உக்காந்துப்பாரும்மா. எனக்குத் தெரியும். ஆனா படகு கரையில கட்டித்தானே இருந்துச்சு. திரும்பிட்டாருன்னு நெனச்சேன்."

"யார் கட்டினது?"

பக்கத்தில் புல் வெட்டிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். "நான்தான். படகு அவுந்து மதகுப் பக்கம் ஒதுங்கிக் கிடந்துச்சு. பாவம் யாரோ சரியாக் கட்டலன்னு இழுத்துக் கட்டினேன்."

படகில் ஏறினோம்.

கூண்டை நெருங்கியதும் நான் அத்தானின் நம்பரை அழுத்தினேன். என் காதில் ரிங் போனது. கூடவே அந்தச் சுவருக்குள்ளிருந்து, மூடின பெட்டிக்குள் அடிக்கிற மாதிரி, அத்தானின் சைக்கிள் மணி ரிங்டோன் கேட்டது. கான்ஸ்டபிள் தொப்பியைக் கழற்றிவிட்டார். நான் கட் பண்ணவில்லை, விரல் வரவில்லை. அது தானாக ஓயும் வரைக்கும் கேட்டுக்கொண்டே இருந்தோம்.

அந்தக் கட்டடத்துக்குக் கதவு கிடையாது. வெளிச்சுவரில் கம்பிப் படி, உச்சியில் இரும்பு மூடி, மூடிக்குக் கீழே உள்ளே இறங்க ஓர் ஏணி. படகுக்காரர் மூடியைத் தூக்கியதும் மூக்கைப் பொத்திக்கொண்டு, "ஏணி உடைஞ்சு கிடக்கும்மா," என்றார். கயிறு கட்டி அவர் முதலில் இறங்கினார். போகாதே என்று மனசு சொன்னது. இறங்கினேன்.

அறை வெளியிலிருந்து பார்ப்பதைவிட அகலம். சுற்றிலும் சிறிய ஜன்னல்கள், கம்பி வலை பதித்த தடிக் கண்ணாடி, திறக்கிற வகை இல்லை. அத்தான் ஒரு ஜன்னலுக்கு அடியில் சுவரில் சாய்ந்து கிடந்தார். ஒரு கால் இருக்கக் கூடாத பக்கம் மடங்கியிருந்தது. அதற்கு மேல் நான் பார்க்கவில்லை. நடுவில் கருவிப் பெட்டி, மேல்தளத்து சோலார் தகட்டில் ஓடுவது. அதன் பேட்டரியிலிருந்து வயர் எடுத்துப் போனுக்குச் சார்ஜ் போட்டிருந்தார். அந்தக் காலோடு, அந்த வலியோடு! போனின் கண்ணாடி நொறுங்கித் திரை முழுக்கக் கறுப்பு. உள்ளே உயிர் இருந்தது, ரிங் அடிக்கும், ஆனால் தொட்டால் ஒன்றும் ஆகாது. அவளுடைய ஒவ்வொரு அழைப்பும் இங்கே அடித்திருக்கிறது, அவர் எடுக்க முடியாமல் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார்.

"கத்தியிருப்பாரு," என்றார் படகுக்காரர். "இந்தச் சுவர் தாண்டி என்ன கேக்கும். பம்பு சத்தம் வேற."

அப்போதுதான் கண்ணாடிகளைக் கவனித்தேன். எல்லாவற்றிலும் வருஷக்கணக்கான அழுக்கு. ஆனால் ஒவ்வொன்றின் கீழ்ப்பகுதியிலும், தரையில் உட்கார்ந்த ஒருவரின் முகம் இருக்கிற உயரத்தில், கையால் துடைத்த இடம் இருந்தது. ஒன்று விடாமல், சுற்றிலும். தரைத் தூசியில் ஒரு காலை இழுத்துக்கொண்டு ஊர்ந்த தடம், ஜன்னலிலிருந்து ஜன்னலுக்கு.

துடைத்த இடத்தில் முகத்தை வைத்துப் பார்த்தேன். கரை ரோடு தெரிந்தது. அதில் நடப்பவர்கள் விரல் நகம் அளவு தெரிந்தார்கள். புடவை நிறம் தெரிந்தது.

அக்கா கிழக்குக் கரையில் நின்றால் இவர் ரிங் அடிக்கிற போனைக் கையில் பிடித்துக்கொண்டு கிழக்கு ஜன்னலுக்கு ஊர்ந்திருக்கிறார். நடுவிலிருந்து அவ்வளவு விலகினால் போதும், ரோட்டில் மிக அருகில் உள்ள புள்ளி கிழக்கே போய்விடும், அவள் புள்ளி மேலேயே. அவள் நடந்தால் இவரும் அடுத்த ஜன்னலுக்கு. பிறகு முடியாமல் போயிருக்கும். போன் நடுவிலேயே கிடந்தது, புள்ளி தாவ ஆரம்பித்தது.

படகு திரும்பும்போது அக்கா கரையில் நின்றிருந்தாள். யார் சொன்னார்களோ. அவள் அழவில்லை. என் முகத்தைப் பார்த்ததுமே எல்லாம் தெரிந்துவிட்டது போலப் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து அவள் தலையை இழுத்து என் தோளில் வைத்துக்கொண்டேன்.

"அங்கேயேவா இருந்தாரு?"

"ஆமாக்கா. ஏணி உடைஞ்சு விழுந்திருக்காரு. விழுந்ததுமே உயிர் போயிருக்கும். தலையில அடி," என்றேன். படகில் வரும்போதே தீர்மானித்து வைத்திருந்த பொய். கான்ஸ்டபிளிடமும் படகுக்காரரிடமும் சொல்லி வைத்திருந்தேன்.

"அப்போ முதல்ல என் கூட வந்தது?"

"போன் நட்டநடுவுல கிடந்துச்சு. அங்க இருந்தா எல்லாக் கரையும் ஒரே தூரம். புள்ளி தன் இஷ்டத்துக்கு எங்க வேணா காட்டும். நீ நின்ன பக்கம் காட்டினது தற்செயல். அது வெறும் கணக்குக்கா."

அவள் தண்ணீர்ப் பக்கம் திரும்பினாள்.

"அப்போ நான் தேடி வந்தது அவருக்குத் தெரியவே தெரியாது," என்றாள். "போய்த் தொலைங்கன்னு சொன்னது மட்டும்தான் தெரியும். அதோட போயிட்டாரு." சொல்லிவிட்டு வாயில் புடவைத் தலைப்பை அடைத்துக்கொண்டு முன்னும் பின்னும் ஆடினாள். அந்த மாதிரி ஓர் அழுகையை நான் கேட்டதில்லை, சத்தமே வரவில்லை.

எந்தப் பொய்யைச் சொன்னால் அவள் பிழைப்பாள் என்று நினைத்தேனோ, அதுவே அவளைக் கொன்றுகொண்டிருந்தது. உண்மை மட்டும் என்ன செய்யும்? எனக்குத் தெரியவில்லை. இன்றைக்கும் தெரியவில்லை. பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

"தெரியும்க்கா," என்றேன்.

அவள் ஆடுவதை நிறுத்தினாள்.

"பாத்தாரு. தினம் பாத்தாரு. நீ எந்தக் கரையில நின்னியோ, அந்தப் பக்கத்து ஜன்னல்ல இருந்தாரு. நீ நடந்தா அடுத்த ஜன்னலுக்கு வந்தாரு. கண்ணாடியெல்லாம் துடைச்சிருக்கு. உன் கூட வந்தது அவர்தான்."

அக்காவின் முகம் தெளிந்தது. நான் கண்ணால் கண்டேன், ஒரு விநாடி அவள் முகத்தில் வெளிச்சம் வந்தது. "என்னைப் பாத்தாரா? பாத்தாராடி?" என்று என் கையைப் பிடித்து உலுக்கினாள். பிறகு அந்த வெளிச்சம் அப்படியே நின்றது. அவள் கூண்டைப் பார்த்தாள், ரோட்டைப் பார்த்தாள்.

"எத்தனை நாள்?"

என்னைக் கேட்க வேண்டிய அவசியம் அவளுக்கு இருக்கவில்லை. புள்ளி எத்தனை நாள் கூட வந்தது என்று அவளுக்குத்தான் தெரியும். வலது கையை மடியில் விரித்து வைத்து, கட்டைவிரலால் ஒவ்வொரு விரலாகத் தொட்டு எண்ணத் தொடங்கினாள். நான் அந்தக் கையைப் பிடித்து மூடினேன். அவள் மெதுவாக என் பிடியை விலக்கிவிட்டு, மறுபடி முதலிலிருந்து எண்ணினாள்.