பள்ளிக்கூடத்துக் கேட்டில் நின்றவர்

அப்பாவின் கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டிய துணி தளர்ந்திருந்தது. அகிலாண்டம் குனிந்து அதை இறுக்கிக்கொண்டிருந்தபோது வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. இறங்கியவர்கள் போட்ட சத்தத்தைக் கேட்டால் சாவுக்கு வந்தவர்கள் என்று யாரும் சொல்லமாட்டார்கள். "இதேதான்டா சார் வீடு, ஓட்டுக் கூரைய எடுத்துட்டு மெத்தை போட்டுட்டாங்க", "டேய், மாலை நசுங்குது பாரு" என்று ஒரே கூச்சல். பந்தலுக்குள் கால் வைத்த பிறகுதான் அடங்கினார்கள்.

எல்லோரும் அவளோடு ஏழாம் வகுப்பு படித்தவர்கள். இப்போது நாற்பதைத் தொட்டுக்கொண்டிருக்கிறவர்கள். இராஜாங்கம் கட்சிக் கரைவேட்டியில் வந்திருந்தான். கிளைச் செயலாளர் ஆன பிறகு அவனை வேறு வேட்டியில் யாரும் பார்த்ததில்லை. ஹலீமா குடவாசலில் துணிக்கடை வைத்திருக்கிறாள். இவர்களுக்குப் பின்னால் வந்த வீரையன் மாலையைக்கூட மறந்துவிட்டு நேராக வந்து அப்பாவின் காலில் விழுந்தான். மின்சார வாரியத்தில் நாலு பேரை வேலை வாங்குகிறவன், சின்னப் பிள்ளை மாதிரி ஏங்கி ஏங்கி அழுதான்.

அகிலாண்டத்துக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. பெற்ற பெண் அவள். ஒரே பெண். அம்மாவும் போய்ச் சேர்ந்தபிறகு அழ வேண்டியவள் அவள்தான். விடிந்ததிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை.

வெளியே நாற்காலிகளை வட்டமாக இழுத்துப் போட்டுக்கொண்டு பேச ஆரம்பித்தார்கள். காப்பி கொடுக்கப் போனவளையும் "உக்காரு அகிலாண்டம், நீயும் எங்க செட்டுதானே" என்று ஹலீமா கையைப் பிடித்து உட்காரவைத்தாள்.

"பதிமூணாம் வாய்ப்பாடுன்னா இன்னிக்கும் எனக்குக் கை கூசுது" என்றான் இராஜாங்கம். "அந்தப் புளிய மிளாற எங்கேந்துதான் ஒடிச்சிட்டு வருவாரோ."

"உனக்கு விழுந்ததெல்லாம் பத்தாது. நோன்பு மாசத்துல என்னைய ஒரு நாள் அடிச்சதில்ல. கணக்கு தப்பாப் போட்டாலும், 'நாளைக்குப் போட்டுக்கலாம், போய் உக்காரும்மா'ம்பாரு" என்றாள் ஹலீமா.

"அதான பாத்தேன், உனக்கு ஏன் கணக்கே வரலைன்னு."

சிரித்துவிட்டு, சாவு வீடென்று ஞாபகம் வந்து வாயைப் பொத்திக்கொண்டார்கள். பிறகு எல்லோரும் எதிர்பார்த்தபடி அந்தப் பேச்சு வந்தது. அப்பாவை, பஞ்சநதம் வாத்தியாரைப் பற்றி எங்கே பேச்சு எடுத்தாலும் பள்ளிக்கூடத்துக் கேட்டில் போய்த்தான் முடியும்.

அவர்கள் ஏழாவது படித்த வருஷம் தை அறுவடையில் கூலிச் சண்டை. கூலியைக் கூட்டினால்தான் வயலில் இறங்குவோம் என்று ஆட்கள் செங்கொடியை நட்டார்கள். வெளியூர் ஆளை இறக்கி அறுப்போம் என்று மிராசுதார்கள் நின்றார்கள். வீரையனின் அப்பா காத்தான், சங்கத்தில் முன்னால் நின்ற ஆள். தலைமறைவாகிவிட்டார்.

"பண்ணை ஆளுங்க நாலு பேரு தடியோட வந்தானுங்க" என்றான் இராஜாங்கம். "'காத்தான் மவனைத் தூக்குங்கடா, அப்பன் தானா வருவான்'னு கத்துறானுங்க. இவன் பானைக்குத் தண்ணி எடுக்க வெளிய போயிருக்கான். சார் எங்களைப் பாத்து, 'எல்லாரும் தலையக் கவுத்துக்குங்க, கண்ண மூடுங்க'ன்னாரு. அப்புறம் கதவு சாத்துற சத்தம். சார் வெளிய போயிட்டாரு."

வீரையன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "ஓடியாந்து கேட்டுப் பக்கத்துல சார் மேல மோதினேன். என்னைய முதுகுக்குப் பின்னால தள்ளிவிட்டுக்கிட்டு ரெண்டு கையையும் விரிச்சு நின்னுட்டாரு. ஒரு வார்த்தை பேசல. நான் வேட்டியப் புடிச்சவன் கண்ணையே தொறக்கல. தள்ளிப் பாத்தானுங்க, சார் அசையல. அன்னைக்கு மட்டும் தூக்கியிருந்தானுங்கன்னா, எங்கப்பா வந்திருப்பாரு, ரெண்டு பேர் கதையும் முடிஞ்சிருக்கும்."

அகிலாண்டம் டம்ளரைக் கீழே வைத்தாள்.

அன்று வகுப்பில் தலையைக் கவிழ்க்காதவள் அவள் ஒருத்திதான். வெளியே தடியோடு ஆள் நிற்கும்போது, அப்பா வெளியே போகிறார் என்றால் எந்தப் பெண் கண்ணை மூடிக்கொண்டிருப்பாள்? நிமிர்ந்து பார்த்தாள். அப்பா போகவில்லை. கதவை உள்பக்கம் தாழ்போட்டுவிட்டு, அதில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டு நின்றார். ஜன்னல் வழியே கேட்டைப் பார்த்தாள். அங்கே கையை விரித்து நின்றவர் டிரில் வாத்தியார், கண்ணுசாமி சார்.

வீரையன் ஜுரத்தில் விழுந்து, அத்தை ஊருக்குப் போய், ஆனியில்தான் திரும்பி வந்தான். அதற்குள் கண்ணுசாமி சார் மாற்றலாகிப் போயிருந்தார். வீரையனைப் பெஞ்சில் உட்காரவைத்துப் பாடம் சொன்னதும், பத்தாவது வரை தள்ளிக்கொண்டுபோனதும் அப்பா. அவன் பிடித்திருந்தது யார் வேட்டி என்று அவனே முடிவு செய்துகொண்டான். கதவுச் சத்தத்தை மட்டும் கேட்ட பிள்ளைகள் ஆமாம் போட்டார்கள்.

அவள் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் அன்றிலிருந்து அப்பா கேட்ட கேள்விக்கு மட்டும்தான் பதில். "நீ புடிச்ச முயலுக்கு மூணு கால்டி, என்ன கோவம்னுதான் சொல்லித் தொலையேன்" என்று அம்மா திட்டித் திட்டி ஓய்ந்துபோனாள். போன பொங்கலுக்கு வீரையன் கரும்போடு வந்து இதே கதையை ஆரம்பித்தபோது, அப்பா தலையைக் குனிந்துகொண்டு, "அது நான் இல்லடா வீரையா" என்றார். "பாத்தியா, சார் எப்பவும் இப்படித்தான்!" என்று வீரையன் சிரித்தான். அப்பா அவளைத்தான் பார்த்தார். அவள் பால் பொங்குகிறதென்று உள்ளே போய்விட்டாள்.

யோசித்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தபோது பந்தல் காலருகே ஒருவர் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். அறுபதைத் தாண்டிய வயது. தலை முழுக்க நரை, ஆனால் முதுகு விறைப்பாக நிமிர்ந்திருந்தது. கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தது என்பார்கள். கண்ணுசாமி சார்.

வேறு யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. அவர் அப்பாவின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். வந்து ஓரத்தில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார். வீரையன் எழுந்து அவருக்கே ஒரு டம்ளர் காப்பி எடுத்துக் கொடுத்துவிட்டு வந்து, சார் கேட்டில் நின்ற கதையை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தான். அவர் காப்பியை ஆற்றியபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

தப்பு அடிப்பவர்கள் வைக்கோலைக் கொளுத்தித் தோலைக் காய்ச்ச ஆரம்பித்ததும் வீரையன் சாரங்கபாணிச் சித்தப்பாவிடம் போனான்.

"ஐயா, ஒரு ஆசை. போற வழியில பள்ளிக்கூடத்துக் கேட்டுல சாரை ரெண்டு நிமிஷம் இறக்கி வைக்கணும். அந்த எடத்துல நாங்க எல்லாரும் மாலை போடணும்."

சித்தப்பா அந்தக் காலத்தில் பண்ணைக்குக் குத்தகைக்காரர். அந்தக் கதையைக் கேட்டாலே காது கேட்காதவர்போல் ஆகிவிடுவார். "பொணத்தை இறக்குறது ஆத்தங்கரை அரசமரத்துக்கிட்ட ஒரு எடத்துலதான். நெனச்ச எடத்துல எல்லாம் இறக்குறதுக்கு இதென்ன சாமி பொறப்பாடா? அவதான் பொண்ணு, அவளக் கேளு" என்று கழன்றுகொண்டார்.

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். கண்ணுசாமி சாரும் பார்த்தார். அந்த மனுஷர் உயிரோடு உட்கார்ந்திருக்கும்போது, அவர் நின்ற இடத்தில் அப்பாவைக் கிடத்தி மாலை போடுவதா? அவளால் முடியவில்லை.

"வீரையா, இங்க வா" என்று அவனைக் கொல்லைப்பக்கம் அழைத்துப் போனாள். "கேட்டுல நின்னது எங்கப்பா இல்ல. அவரு உள்ளதான் இருந்தாரு. தாப்பாளப் போட்டுக்கிட்டு நின்னாரு. நான் கண்ணால பாத்தேன். நின்னது டிரில் சார். அந்த ஓரத்துல உக்காந்திருக்காரே, அவருதான்."

"என்ன அகிலாண்டம் சொல்ற? நான் வேட்டியப் புடிச்சவன். எனக்குத் தெரியாதா?"

"நீ முகத்தப் பாத்தியா?"

அவன் விடுவிடுவென்று போய் கண்ணுசாமி சார் காலடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். அவள் பின்னாலேயே ஓடினாள். பேச்சு நின்று பந்தல் முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

"சார், நீங்க டிரில் சாரா? அன்னைக்கு... கேட்டுல நின்னது நீங்களா?" கேட்கும்போதே வீரையனுக்கு அழுகை வந்துவிட்டது.

கண்ணுசாமி சார் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தார்.

"நானா? எந்த அன்னைக்கு? அந்தக் கலாட்டா அன்னைக்கா? நான் லீவுல இருந்தேம்பா. ஊருக்கு வந்துதான் கேள்விப்பட்டேன். உங்க சார்தான் நின்னாருன்னு சொன்னாங்க."

ஹலீமா வந்து அகிலாண்டத்தின் தோளைத் தடவினாள். "பாவம், தூக்கமில்ல, சாப்பாடும் இல்ல. மனசு கொழம்பிப் போயிருக்கு. கொஞ்சம் தண்ணி குடி" என்றாள். யாரும் அவளைத் தப்பாகப் பார்க்கவில்லை. அந்த இரக்கம்தான் தாங்கவில்லை. தான் பார்த்தது நிஜம்தானா என்றே சந்தேகம் வந்துவிட்டது. தாழ்ப்பாள், கண்ணை மூடிய முகம், ஜன்னல் கம்பி. இத்தனை வருஷம் அப்பாவோடு பேசாமல் இருந்ததற்கு அவளிடம் இருந்ததெல்லாம் அது ஒன்றுதான்.

கூட்டம் கலையட்டும் என்று காத்திருந்து அவர் பக்கத்து நாற்காலியில் போய் உட்கார்ந்தாள்.

"ஏன் சார் பொய் சொன்னீங்க? நான் பாத்தேன் சார். பாத்தேன்ல?"

"நீ பாத்தது நெஜந்தாம்மா. ஜன்னல்ல உன் தலை தெரிஞ்சுது."

"அப்புறம் ஏன்?"

"அவன் அழுதுக்கிட்டு வந்து கேக்குறான். வேற என்ன சொல்லச் சொல்ற?" அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "என்னைய மாத்திட்டாங்கன்னு நெனச்சியா? நானாத்தான் ஓடிப்போய் ஆபீஸ்ல நின்னு கேட்டு வாங்கிக்கிட்டேன். அன்னைக்கு ராத்திரியே ஆள் வந்து, பொண்டாட்டி புள்ளையோட ஊர் போய்ச் சேரமாட்டேன்னாங்க. கேட்டுல நிக்கிறப்ப வராத பயம் அப்ப வந்துச்சு. ஒரே வாரம். திருக்காட்டுப்பள்ளி போயிட்டேன். அந்தப் பையன் இருக்கானா செத்தானான்னுகூடத் திரும்பிப் பாக்கல."

அவர் அப்பா கிடந்த பக்கம் பார்த்தார்.

"உங்கப்பா பயந்தாரு. நெஜந்தான். ஆனா எங்கயும் போவல. பண்ணை ஆளுங்க நடந்துபோற அதே ரோட்டுல தெனமும் பள்ளிக்கூடம் வந்தாரு. ஜுரத்துல கெடந்தவனை அத்தை வீட்டுல போய்த் தேடிக் கூட்டியாந்து மறுபடி சேத்தாரு. அந்த நேரத்துல கூலி ஆளுங்க தெருவுக்குள்ள ஒரு வாத்தியாரு போறதுன்னா சும்மாவா? எனக்குப் பின்னால வந்தவங்க சொல்லித் தெரியும்."

"எங்கிட்ட அதையெல்லாம் சொன்னதே இல்லையே."

"நீ கேட்டியாம்மா?"

அவள் கேட்கவில்லை. இரண்டில் எதை வைத்துக்கொண்டு எதைத் தூக்கிப்போடுவது என்று அவளுக்குப் புரியவில்லை. தாழ்ப்பாளில் சாய்ந்து நின்றவரும் அவர்தான், வீரையனைத் தேடிக்கொண்டு போனவரும் அவர்தான். இன்னும் ஒரு நாள் இருந்திருந்தால் கேட்டிருக்கலாம். அந்த ஒரு நாளை யாரிடம் போய்க் கேட்பது?

அப்பாவைக் குளிப்பாட்டிக் கோடி போர்த்திப் பாடையில் வைத்தார்கள். தப்பு அதிர்ந்தது. பெண்கள் மூன்று சுற்றுச் சுற்றி வந்தார்கள். வீரையன் முன்பக்கம் தோள் கொடுக்க வந்தான். அவளருகில் வந்து, கண்ணைப் பார்க்காமல் கேட்டான்.

"நீ என்ன சொல்ற? கேட்டுல இறக்கி வைக்கவா, வேணாமா? நீ வேணாம்னா வேணாம்."

"வைங்க வீரையா."

தெருமுனைப் பிள்ளையார் கோயிலோடு பெண்கள் நின்றுவிட வேண்டும். நின்றார்கள். வீட்டைக் கழுவிவிட்டுக் குளிக்கப் போக வேண்டும் என்று பேசிக்கொண்டு திரும்பினார்கள். அகிலாண்டம் நிற்கவில்லை. "ஏய், எங்கடி போற? பொம்பள அங்க போவக் கூடாதுடி!" என்று பின்னால் குரல் கேட்டது. அவள் பாட்டுக்கு நடந்தாள்.

பள்ளிக்கூடத்துக் கேட்டில் பாடையை இறக்கி வைத்திருந்தார்கள். உச்சி வெயில். அங்கே இருந்த பூவரச மரத்தை மின்கம்பிக்காக வெட்டிவிட்டிருந்ததால் நிழலே இல்லை. இராஜாங்கம் மாலையோடு ஏதோ பேச ஆரம்பித்திருந்தான். ஆண்கள் எல்லோரும் சுவரோரமாக ஒதுங்கி நின்றார்கள். கண்ணுசாமி சார் அவர்களுக்கெல்லாம் பின்னால் நின்றார். சித்தப்பா அவளைப் பார்த்துத் திட்ட வாயெடுத்தார், எடுத்த வாய் அப்படியே நின்றது.

அப்பாவின் முகத்தில் வெயில் நேராக அடித்தது. அகிலாண்டம் தலைமாட்டில் போய் நின்று, முந்தானையை இரண்டு கையாலும் விரித்து, அந்த முகத்தின்மேல் நிழல் விழும்படி பிடித்துக்கொண்டாள். இராஜாங்கம் பேசி முடிக்க வெகுநேரம் ஆயிற்று. கை கடுத்தது. அவர்கள் திரும்பத் தூக்கும்வரை அவள் இறக்கவில்லை.