ஓதம் ஏறும் வீடு

யாங் மான்-சூ மூப்பர் வீட்டின் பின்னறையில் கடல் முதன்முதலாக ஏறியது நவம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை. அந்த வாரம் ஆட்டிறைச்சி விலையும் ஏறியிருந்ததால் ஊரில் இரண்டைப் பற்றியும் பேச்சு இருந்தது. மங்கோலியாவின் கிழக்குப் புல்வெளியில், கெர்லென் ஆற்றங்கரையில் இருக்கிற அந்த ஊரிலிருந்து எந்தத் திசையில் போனாலும் கடலைப் பார்க்கப் பல நாள் ஆகும். விடியற்காலையில் அடுப்பு மூட்ட எழுந்த மூப்பர் காலை வைத்த இடத்தில் கணுக்கால் வரை தண்ணீர் நின்றது. பக்கத்து வீட்டுக்காரி துல்மா எட்டிப் பார்த்து, விரலை நனைத்து நாக்கில் வைத்து, "தேநீருக்கு ஆகும்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய் ஒரு குண்டானோடு திரும்பி வந்தாள். அவர்கள் பால் தேநீரில் உப்புப் போட்டுக் குடிப்பவர்கள்.

மூப்பரின் மனைவி ஓக்-ரான் மட்டும் ஆச்சரியப்படவில்லை. குனிந்து, சுவரோரம் மிதந்த பாசியை எடுத்து முகர்ந்து பார்த்தாள்.

"நம்ம ஊர்த் தண்ணிதான். கிழக்குப் பாறைப் பக்கம்" என்றாள். அந்தத் தேசத்துக்கு வந்த பிறகு, புருஷன் கேட்காமல் அவளாகவே அவரிடம் சொன்ன முதல் வார்த்தை அது.

நம்ம ஊர் என்றது அவர்கள் பிறந்து வளர்ந்து விட்டுவந்த ஜேஜு தீவை. அங்கே ஓக்-ரான் பதின்மூன்று வயதிலிருந்து மூச்சடக்கிக் கடலில் முக்குளித்து, சங்கும் கிளிஞ்சலும் பாசியும் எடுத்தவள். மான்-சூ தபாலாபீசில் வேலை பார்த்தார், ஊர்ச் சபையில் மூப்பராகவும் இருந்தார். தீவுக்காரராக இருந்தும் நீச்சல் தெரியாதவர். ஓய்வு பெற்ற வருடம் வயிற்றில் கட்டி வந்து அறுவை செய்தார்கள். மயக்க மருந்து கொடுப்பதற்கு முன் அவர் ஒரு பொருத்தனை செய்தார். பிழைத்தால் நாங்கள் இருவரும் நீர் அனுப்புகிற தேசத்துக்குப் போய் ஊழியம் செய்வோம் ஆண்டவரே என்றார். பிழைத்தார். சபையில் எழுந்து சாட்சி சொன்னபோது எல்லோரும் கைதட்டினார்கள். ஓக்-ரானுக்கு விஷயம் தெரிந்ததும் அப்போதுதான். அவள் கடலில் இறங்கும்போது போடுகிற ரப்பர் உடை வீட்டு மதிலில் காய்ந்துகொண்டிருந்தது. அவளும் கைதட்டினாள். அதன் பிறகு சோறு, மருந்து, கதவு, செருப்பு, இவற்றைத் தவிர வேறெதைப் பற்றியும் புருஷனோடு பேசுவதை விட்டுவிட்டாள்.

ஊழியத்தில் குறை வைத்தாள் என்று யாரும் சொல்ல முடியாது. காலையில் கரியடுப்பு மூட்டினாள். தண்ணீர்க் கடையிலிருந்து கேனை வண்டியில் வைத்து இழுத்து வந்தாள். ஞாயிறுதோறும் சபைக்குப் பெரிய அண்டாவில் நூடுல்ஸ் சூப் காய்ச்சினாள். படுத்த படுக்கையாய்க் கிடந்தவர்களின் தலையை வாரிவிட்டாள். மூப்பர் மூக்குக்கண்ணாடியோடு ஒரு வருடம் போராடி மங்கோலியம் படித்தார். அவள் படிக்கவே இல்லை. அவள் ஜேஜு பேச்சில் பேசினாள், துல்மா தன் பேச்சில் பேசினாள், இருவரும் மணிக்கணக்காகச் சிரித்தார்கள். எதற்குச் சிரித்தார்கள் என்று மூப்பருக்குக் கடைசிவரை தெரியவில்லை.

கடல் நாளுக்கு இரண்டு வேளை ஓதமாய் ஏறியது, இரண்டு வேளை வற்றியது. பௌர்ணமிக்கும் அமாவாசைக்கும் சபை கூடுகிற முன்னறைவரை ஏறிப் பெஞ்சுகளின் கால்களை நனைத்தது. முட்டுவலிக்காரர்கள் கால் ஊற வைக்க வந்தார்கள்; பெண்கள் உப்புக் காய்ச்ச வந்தார்கள்; வந்ததோடு ஆராதனைக்கும் இருந்துவிட்டுப் போனார்கள். முன்பு ஏழெட்டுப் பேரே கூடிய சபையில் இப்போது உட்கார இடமில்லை. மூப்பருக்கு இது நெஞ்சில் முள்ளாய்க் குத்தியது. இவர்கள் ஆண்டவருக்காக வருகிறார்களா, உப்புக்காக வருகிறார்களா? பிரசங்கத்தில் சாடிப் பார்த்தார். தலையாட்டிக் கேட்டுக்கொண்டு குண்டான்களை நிரப்பிக்கொண்டு போனார்கள். உபவாசம் இருந்தார். தரையைக் கொத்தி சிமெண்ட் போட்டார். சிமெண்ட் நன்றாகத்தான் இறுகியது. ஒரு வாரத்தில் அதன்மேல் சிப்பிகள் ஒட்டியிருந்தன. ஜேஜுவிலிருந்து போதகர் தொலைபேசியில் கேட்டால், "வீட்ல கொஞ்சம் ஈரம், வேற ஒண்ணுமில்ல" என்பார். அது பொய்யில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வார்.

உண்மையில் அவர் பயந்தது ஈரத்துக்கு அல்ல. ஓதம் உச்சத்தில் இருந்தபோது ஒருநாள் விளக்குமாற்றுக் கட்டையைத் தண்ணீரில் விட்டுப் பார்த்தார். தரை தட்டவில்லை.

ஜனவரி பிறந்ததும் ஓக்-ரான் பெட்டியின் அடியிலிருந்து ரப்பர் உடையை எடுத்தாள். அதை அவள் கொண்டுவந்திருந்ததே அவருக்குத் தெரியாது. "தொழிலுக்குப் போறேன்" என்று சொல்லிவிட்டுப் பின்னறைத் தண்ணீரில் தலைகீழாக இறங்கினாள். சற்று நேரத்தில் மேலே வந்து, அந்தத் தீவுப் பெண்கள் விடுகிற நீண்ட சீழ்க்கை மூச்சை விட்டாள். வலையில் நான்கு சங்கு இருந்தது. துல்மா ஒன்றை வாங்கிக் கடித்துப் பார்த்து, "ரப்பர் மாதிரி இருக்கு, அக்கா. ஆட்டுக்கு வருமா இது?" என்றாள், ஆனாலும் இன்னொன்று கேட்டு வாங்கித் தின்றாள்.

அதிலிருந்து ஓக்-ரான் தினமும் இறங்கினாள். தினமும் கொஞ்சம் கூடுதலாகத் தங்கினாள். ஒரு காலையில் மூப்பர் பின்னறைக் கதவைப் பூட்டிச் சாவியைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டார்.

"போதும், விடு. ஊழியத்துக்கு வந்த இடத்துல இது என்ன?"

"ஊழியத்துக்கு வந்தது யாரு?"

"நாம ரெண்டு பேரும்தான். ஆண்டவருக்கு வாக்குக் கொடுத்திருக்கு."

"பொருத்தனை பண்ணினது நீங்க. சுமக்கிறது நானா? என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா, மூப்பரே?"

மூப்பரே என்று அவள் கூப்பிட்டது ஊசி போல் இறங்கியது. அவர் வாயில் வசனங்கள்தான் வந்தன. அவள் கையை நீட்டியபடியே நின்றாள். அவர் சாவியைக் கொடுத்தார். அவள் திரும்பிப் பார்க்காமல் இறங்கினாள்.

அன்று வழக்கமான நேரத்துக்கு அவள் மேலே வரவில்லை. கடலும் வற்றவில்லை, ஓரத்தில் முழங்கால் மட்டத்துக்கு அசையாமல் நின்றது. பல வருடங்களில் காணாத குளிர் அது. சாலை மூடி, சுரங்கத்துக் கரி லாரி எங்கோ சிக்கிக்கொண்டது. மதியத்துக்குள் கரித்தொட்டி காலி. அடுப்பு தணிந்ததும் தண்ணீரின் ஓரத்தில் பால் ஆடை போல ஒரு படலம் விழுவதை மூப்பர் பார்த்தார். அறை உறைந்தால் அவள் வெளியே வர வழியில்லை. அதற்கு மேல் அவர் எதையும் யோசிக்கவில்லை. பெட்டிகளை உடைத்துப் போட்டார். துல்மா காய்ந்த சாணமும் தன் வேலிப் பலகைகளும் கொண்டுவந்தாள். அதுவும் தீர்ந்தது.

"பெஞ்சு இருக்கே, அண்ணே" என்றாள் துல்மா.

"அது சபை பெஞ்சும்மா."

"சபை நின்னுக்கிட்டு ஜெபம் பண்ணும். அக்காவால பனிக்கட்டிக்குள்ள நிக்க முடியுமா?"

பெஞ்சுகள் ஒவ்வொன்றாக அடுப்புக்குள் போயின. கடைசியில் பிரசங்க பீடம் மட்டும் மிஞ்சியது. ஜேஜு சபையார் காணிக்கையாகச் செய்து கப்பலிலும் ரயிலிலும் அனுப்பியது. அவர் வாழ்நாளில் அவருக்கென்று வந்த ஒரே மேடை. அதன்மேல் கையை ஒருமுறை ஓட்டினார். பிறகு கோடரியை எடுத்தார். வார்னிஷ் புகை அறை முழுக்கச் சூழ்ந்தது. அடுப்புக் கம்பியோடு தண்ணீரின் ஓரத்தில் இறங்கி, பனிப்படலத்தை உடைத்துக்கொண்டே, நீச்சல் தெரியாத அந்த மனிதர் தண்ணீருக்குள் முகத்தை வைத்து, "உன்னைக் கேட்டிருக்கணும்" என்றார். குமிழிகள்தான் போயின. மறுபடி சொன்னார். கால் மரத்துப்போகும்வரை சொன்னார். துல்மா அவர் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

வெளிச்சம் மங்குகிற வேளையில் சீழ்க்கை கேட்டது. ஓக்-ரான் உதடு நீலம் பாரித்து வந்தாள். வலை வெறுமையாக இருந்தது; நகக்கண்ணில் கருமண் இருந்தது. இருவருமாக அவளைத் தூக்கி அடுப்பருகே உட்கார வைத்துக் கம்பளி போர்த்தினார்கள்.

"அம்மா கல்லறையில புல்லு இடுப்பளவு கிடக்கு. யாரும் எட்டிப் பார்க்கல. பிடுங்கிப் போட்டுட்டு வந்தேன்" என்றாள்.

"அங்கேயே இருந்திருக்கலாமே."

"இருக்கலாம்னுதான் நினைச்சேன். பாறைமேல ஏறிக்கூட உட்கார்ந்துட்டேன்." மூக்கைச் சுருக்கினாள். "தண்ணிக்கு அடியில வெளிச்சம் தெரிஞ்சுது. இவ்வளவு விறகை எரிக்கிற மடையன் யாருன்னு பார்க்க வந்தேன். என்ன எரியுது, வார்னிஷ் நாத்தம் அடிக்குது?"

"பிரசங்க பீடம்."

அவள் சிரித்தாள். துல்மாவோடு சிரிக்கிற சிரிப்புதான். மூப்பருக்கு அது இந்தத் தேசத்தில் முதல் தடவை கிடைத்தது. ஆனால் சீக்கிரமே நின்றுவிட்டது. "என்னமோ கேட்டிருக்கணும்னு கத்துனீங்களே. இப்பக் கேளுங்க" என்றாள்.

அவர் கேட்டார். இங்கே இருப்போமா, ஊருக்குப் போவோமா?

அவள் பதில் சொல்லவில்லை. குளிர் முழுக்கச் சொல்லவில்லை. அவர் அடுப்பு பார்த்தார், தண்ணீர் இழுத்தார், அவள் இறங்கும்போதெல்லாம் ஓரத்தில் நின்றார். திரும்பக் கேட்கத் துணியவில்லை. ஏப்ரலில், ஆறு உடைந்து ஓடத் தொடங்கிய பிறகு, மீனுக்கு உப்புத் தடவிக்கொண்டே, "இந்த வருசம் இருப்போம். அடுத்த வருசம் அடுத்த வருசம்" என்றாள்.

கோடையில் தலைமைச் சபையிலிருந்து இளம் போதகர் ஒருவர் பார்வையிட வந்தார். ஓத நேரம். வாசலிலேயே அவர் காலணி நனைந்தது. வாயைத் திறப்பதற்குள் துல்மா ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸை நீட்டினாள். போட்டுக்கொண்டார். சபையார் கம்பளத் துண்டுகளில் உட்கார்ந்திருந்தார்கள். மூப்பர் நடுவில் நின்று பேசினார். அங்கே தண்ணீர் நன்றாகத்தான் வருகிறது என்று இளம் போதகர் ஊரில் போய்ச் சொன்னதாகத் தகவல்.

வருடங்கள் போயின. அந்த ஊரில் ஆராதனை நேரத்தை இப்போது ஓதம் பார்த்தே அறிவிக்கிறார்கள். மேய்ப்பர்களும் அதை அனுசரித்துத்தான் மந்தையை ஓட்டிப் போகிறார்கள். முதல் பனி விழும்போது மூப்பர் வருடந்தோறும் கேட்கிறார். ஓக்-ரான் சில வருடம் சீக்கிரம் சொல்கிறாள், சில வருடம் குளிர் முடியும்வரை அவரைக் காக்க வைக்கிறாள். இந்த வருடம் கேட்டாயிற்று. இன்னும் பதில் வரவில்லை.